ஏணியில் எழுதிய எண்

மாட்டுங்கா, மும்பை
12.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வடிவு எழுதிக்கொள்வது. நாங்கள் மூன்று பேரும் இங்கே சுகம். உன் உடம்பும், மதினியின் முட்டுவலியும், இசக்கியின் கல்யாணப் பேச்சும் எந்த மட்டில் இருக்கின்றன என்று விவரமாக எழுது.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள், கோட்டி பிடித்துவிட்டதா என்று மதினி கேட்பாள். பிடிக்கவில்லை. எங்கள் அறை வீட்டுக்காரர் செல்லப்பாண்டியின் தலைக்கு மேலே இருக்கிறது. தரை என்பது வெறும் பலகைதான். நான் மேலே தும்மினால் அவர் கீழே இருந்து "நூறு" என்கிறார். போனில் பேசினால் முழுசும் அவர் காதில் விழும். சந்தில் நின்று பேசலாம் என்றால் சந்து அதைவிட மோசம். என் போன் பாதி நேரம் சாதனா கையில், உன் போன் இசக்கி கையில். என் மகளுக்குத்தான் தமிழ் வாசிக்க வராதே, அதனால் கடுதாசி பத்திரம். பதிலை மேலே உள்ள விலாசத்துக்குப் போடு. நான் சமையல் செய்யும் ருக்கு மாமியின் வீடு அது.

விஷயம் இதுதான். தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து சொல்கிறார்கள். இப்போது நிஜமாகவே ஆட்கள் வந்து கதவு கதவாக எண் எழுதுகிறார்கள். எண் விழுந்தவர்களுக்குத்தான் பின்னால் வீடு. எங்களைப் போல மாடியில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு இங்கேயே கிடைக்காதாம். மும்பைக்குள் வேறெங்கேயோ ஒரு வீடு, மாசாமாசம் தவணை கட்டினால் சில வருஷத்தில் சொந்தமாகிவிடுமாம். எங்கே என்று ஒருத்தருக்கும் தெரியாது. எங்கே என்றால் என்ன, சொந்த வீடு. ஆனால் செல்லப்பாண்டி நேற்று எங்கள் அறைக்கு ஏறும் ஏணியடியில் நின்று சொன்னார்: "ஏளா வடிவு, சர்வேக்காரன் வந்தா ஊருலேர்ந்து வந்த சொந்தக்காரங்கன்னு சொல்லிரு. குடியிருக்கோம்னு வாயத் தொறந்த, அன்னைக்கே பெட்டியத் தூக்கிக்கிட வேண்டியதுதான்."

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குடியிருக்கிறோம் என்று சொன்னால் அறை போகும். சொல்லாவிட்டால் வீடு போகும்.

உன்னால் ஆக வேண்டியது இரண்டு. எங்கள் குடும்பத்துக்கு நாட்டில் எங்கேயும் சொந்த வீடு இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நம் ஊர் வி.ஏ.ஓ.விடம், எனக்கு அங்கே வீடு எதுவும் இல்லை என்று ஒரு சான்று வாங்கி அனுப்பு. அப்புறம், பொங்கல் பரிசு வரட்டும் என்று என் பேரை ஊர் ரேஷன் கார்டிலேயே விட்டுவைத்தோமே, அதையும் எடுத்துவிடு.

உன் மாப்பிள்ளை கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் தங்கை,
சண்முகவடிவு


பனையடிப்புதூர்
3.2.2025

அன்புத் தங்கை வடிவுக்கு,

அண்ணன் பூதத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மதினிக்கு முட்டுவலி இருக்கத்தான் செய்கிறது. மாப்பிள்ளையையும் சாதனாவையும் கேட்டதாகச் சொல்.

பதில் பிந்திவிட்டது. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறை நம்முடையதாக இருந்தது.

இசக்கிக்கு இடம் கூடி வந்திருக்கிறது. ராதாபுரம் பக்கம், பையன் மின்வாரியத்தில் இருக்கிறான். அவர்கள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, "சுத்தமான வீடு, காங்கிரீட்டு வீடு" என்று சந்தோஷப்பட்டுப் போனார்கள். ஒரே பிள்ளை, எங்கள் காலத்துக்குப் பிறகு வீடு அவளுக்குத்தானே என்று சொல்லியிருக்கிறேன். வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

நீ கேட்ட சான்றுக்கு வி.ஏ.ஓ. மாறிப் போய்விட்டார். புது ஆள் இன்னும் வரவில்லை. வந்ததும் பார்ப்போம். ரேஷன் கார்டில் கை வைக்க வேண்டாம். இருக்கிற பேர் இருந்துவிட்டுப் போகட்டும், எடுத்தால் திரும்பச் சேர்ப்பது பெரும் பாடு.

எனக்கென்னவோ இந்தச் சர்வே எல்லாம் ஏமாற்று வேலையாகத் தெரிகிறது. செல்லப்பாண்டி நம் ஜில்லாக்காரர், அவரைப் பகைத்துக்கொள்ளாதே. எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
பூதத்தான்


மாட்டுங்கா
11.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வடிவின் வணக்கம். கடுதாசி கிடைத்தது. இசக்கிக்கு இடம் கூடிய செய்தியைப் படித்து மாமி வீட்டு அடுப்படியிலேயே அழுதுவிட்டேன். என் மருமகள் நன்றாக இருக்கட்டும். மதினிக்கு இங்கே தாதரில் ஒரு தைலம் கிடைக்கிறது, யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே நிலைமை நாளுக்கு நாள் பயமாக இருக்கிறது. எங்கள் சந்தில் எண் எழுதியாகிவிட்டது. செல்லப்பாண்டியின் கதவில் கறுப்பு மையில் பளிச்சென்று இருக்கிறது. எங்கள் ஏணி வெறும் ஏணியாக நிற்கிறது. அவர்கள் வந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். இவர் மேலேயே இருந்திருக்கிறார், ஆனால் இறங்கவில்லை. "ஏன் இறங்கல?" என்று கேட்டேன். "செல்லப்பாண்டி ஏணிக்கிட்ட சேரப் போட்டு உக்காந்திருந்தாரு. எப்பிடி இறங்க?" என்றார். தோல் பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிற மனுஷன், ஒரு நாற்காலிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார். கோபத்தில் கத்த வந்தது. கத்தினால் கீழே கேட்குமே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

விடுபட்டவர்கள் முகாம் ஆபீசுக்குப் போய்த் தாங்களே பதிந்துகொள்ளலாமாம். மார்ச் வரைக்கும் நேரம் இருக்கிறது. பாரத்தை வாங்கிக்கொண்டு வந்து ருக்கு மாமியிடம் காட்டினேன். மாமி கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தாள். "வடிவு, இதுல சொந்த வீடு எங்கயும் இல்லேன்னு சத்தியம் மாதிரி எழுதித் தரணும். பின்னாடி இருக்குன்னு தெரிஞ்சா கேஸ் போடுவா. நன்னா யோசிச்சுப் போடு" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். "மாமி, எங்களுக்கு வீடு இருந்தா ஏன் பலகை மேல படுத்துக் கெடக்கோம்?" என்றேன்.

புது வி.ஏ.ஓ. வந்தாரா? அவர் வராவிட்டால் பக்கத்து ஊர்க்காரர் பொறுப்பில் இருப்பாரே, அவரிடம் கேள். நேரம் குறைவாக இருக்கிறது. சாதனாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வேறு வருகிறது. ராத்திரி பகல் தெரியாமல் படிக்கிறாள். வீடு மாற வேண்டி வருமா என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன்.

தங்கை,
வடிவு


பனையடிப்புதூர்
1.3.2025

அன்புள்ள வடிவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். எனக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல், அதனால் எழுத முடியவில்லை. இப்போது தேவலை.

வி.ஏ.ஓ. இன்னும் வரவில்லை.

நீ எழுதியதில் ஒரு சந்தேகம். அந்த முகாமில் காகிதத்தை மட்டும் பார்க்கிறார்களா, அல்லது ஆதார் எண்ணை மிஷினில் தட்டிப் பார்க்கிறார்களா? தட்டினால் மகாராஷ்டிரா விவரம் மட்டும் வருமா, நம் பக்கத்து விவரமும் வருமா? சும்மாதான் கேட்கிறேன். தெரிந்தால் எழுது.

சாதனா நல்லபடியாகப் பரீட்சை எழுதட்டும். மதினி கோயிலுக்கு நேர்ந்திருக்கிறாள்.

அண்ணன்,
பூதத்தான்


மாட்டுங்கா
9.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

காய்ச்சல் விட்டதா? கஷாயம் வைத்துக் குடி, வெயிலில் வயலுக்கு அலையாதே. சாதனா இதுவரைக்கும் நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள். கணக்கில் மட்டும் முகம் சுண்டிப்போய் வந்தாள்.

மிஷினில் எல்லாம் வருமாம் அண்ணே. ஸ்லேட்டு மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள், ஆதார் எண்ணைத் தட்டினால் நாட்டில் எந்த மூலையில் என்ன வாங்கியிருந்தாலும் சொல்லிவிடுமாம். பக்கத்துச் சந்தில் ஒரு ஆளுக்குச் சோலாப்பூர் பக்கம் அரசாங்க வீடு இருப்பது அதில் தெரிந்து, அங்கேயே பேரை அடித்துவிட்டார்கள். அந்த ஆள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தாலும், இருக்கிறதை மறைத்தால் அப்படித்தானே?

நீ ஏன் பயந்து கேட்கிறாய்? நமக்கு என்ன இருக்கிறது, மிஷின் கண்டுபிடிக்க! உன் சான்று இல்லாவிட்டாலும் மிஷினே எனக்குச் சாட்சி சொல்லிவிடும் என்று மாமி சொல்கிறாள். அதனால் காத்திருக்கப் போவதில்லை. பதினேழாம் தேதி திங்கட்கிழமை பரீட்சை முடிகிறது, அன்றைக்கே முகாமுக்குப் போகிறேன். பழைய கேஸ் சிலிண்டர் புத்தகம், சாதனாவின் பள்ளிக்கூடக் காகிதம், எல்லாவற்றிலும் இந்த விலாசம்தான் இருக்கிறது. செல்லப்பாண்டியிடம் சொல்லவில்லை. தெரிந்தால் என்ன செய்வாரோ. ஆனால் போகிறேன்.

மதினிக்கும் இசக்கிக்கும் என் அன்பு.

தங்கை,
வடிவு


பனையடிப்புதூர்
13.3.2025

வடிவு,

ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். போன் பண்ணினேன், சாதனா எடுத்தாள், அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை போகாதே. பங்குனி உத்திரம் கழியட்டும். உனக்கு இப்போது நேரம் சரியில்லை என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். நான் ஒரு ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் எதையும் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டாம். அண்ணன் சொல்வதைக் கேள்.

பூதத்தான்


மாட்டுங்கா
24.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் ஸ்பீடு போஸ்டு பத்தொன்பதாம் தேதிதான் என் கைக்கு வந்தது. மாமி வீட்டில் எல்லாரும் செம்பூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள், வீடு பூட்டிக் கிடந்தது.

நான் போய்விட்டு வந்துவிட்டேன். மறுநாள் ஆட்கள் வந்து ஏணியில் எண் எழுதினார்கள். இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறதாம், அது முடிந்துதான் உறுதி.

எண் எழுதிய மை காய்வதற்குள் செல்லப்பாண்டி மேலே வந்தார். பதினாறு வருஷத்தில் அவர் ஏணி ஏறியது அதுதான் முதல் தடவை. சத்தம் போடவில்லை. இவரைப் பார்த்து, "செல்வம், மே மாசக் கடைசிக்குள்ள அறைய ஒதுங்க வச்சுக் குடுத்துரு" என்றார். சாதனா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "அம்மா, அப் ஹம் கஹான் ஜாயேங்கே?" என்றாள். இனி எங்கே போவோம் என்று கேட்கிறாள்.

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல். ஊரில் என் பேரில் வீடு ஏதாவது இருக்கிறதா?

வடிவு


பனையடிப்புதூர்
12.4.2025

அன்புத் தங்கை வடிவுக்கு,

ஆசீர்வாதம். எல்லாரும் சுகம். நேற்று உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய் உன் குடும்பத்துக்கும் சேர்த்துப் பொங்கல் வைத்தோம்.

செல்லப்பாண்டி கோபத்தில் சொல்லியிருப்பார், நாலு நாளில் ஆறிவிடும். நான் அவரிடம் பேசட்டுமா?

நீ கேட்டதற்குப் பதில். உன் பேரில் இங்கே ஒரு செண்டு நிலம்கூடக் கிடையாது. யாராவது என்னவாவது சொன்னால் நம்பாதே.

ஜூன் ஐந்தாம் தேதிக்குக் கல்யாணம் குறித்தாகிவிட்டது. பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறேன். அத்தை முறைக்கு நீதான் முன்னால் நிற்க வேண்டும். வீட்டு வாசலிலேயே பந்தல் போடுகிறோம்.

அண்ணன்,
பூதத்தான்


மாட்டுங்கா
19.4.2025

அண்ணே,

எல்லாரும் சுகம்தானே. நாங்கள் இருக்கிறோம்.

நான் வீட்டைக் கேட்டேன். நீ நிலத்தைச் சொன்னாய்.

முகாமில் ரஞ்சனா என்று ஒரு மராத்திப் பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பிள்ளை. என் ஆதாரைத் தட்டினாள். தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், திரும்ப மிஷினைப் பார்த்தாள். அப்புறம் அதை என் பக்கம் திருப்பி, "தாயி, யே ஆப் ஹீ ஹோ நா?" என்றாள். தாயி என்றால் இங்கே அக்கா. அக்கா, இது நீங்கள்தானே என்று கேட்டாள்.

நான்தான். இடிந்த சுவரும் உடைந்த ஓடுமாக நம் பழைய வீடு, அதன் முன்னால் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சாதனா சடங்குக்கு ஊருக்கு வந்தபோது, "கட்டிக்குடுத்த பொறவு இந்த வீட்டு முன்னால ஒனக்கு ஒரு போட்டோகூட இல்லியே, நில்லு புள்ள" என்று நீ எடுத்தாயே, அந்தப் படம். சீர்த் தட்டுகளைச் சபையில் வைத்துவிட்டு, ரேஷன் கார்டுக்கு என்று ஏதோ காகிதத்தையும் நீட்டினாய். தாய்மாமன் செய்த சீரில் எனக்குக் கண்ணெல்லாம் நீர், எழுத்தே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் பீடி சுற்றிய காலத்துப் பேங்க் பாஸ்புக்கும் உன் கையில்தான் இருக்கிறது, வீட்டுப் பணம் அதில்தான் விழுந்திருக்கும்.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம். அதே இடத்தில் நீல வண்ணம் அடித்த காங்கிரீட் வீடு. அரசாங்க வீடு, பயனாளி சண்முகவடிவு. வாசலில் மதினி நிற்கிறாள்.

ஒரு மாசமாக இதை உன்னிடம் சொல்லவில்லை. பயம். நான் கேட்டு நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமல் போய்விடுமே என்று பயம். நீயாகச் சொல்வாய் என்று கேட்டுப் பார்த்தேன். நீ பொங்கல் வைத்ததைச் சொன்னாய்.

நான் திகைத்து நின்றதைப் பார்த்த ரஞ்சனா உடனே என் பேரை அடிக்கவில்லை; எண்ணை எழுதவைத்து, அவகாசம் கொடுத்து, இரண்டு வழி சொன்னாள். என் பேரை யாரோ ஏமாற்றிப் பயன்படுத்திவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தால் ஏணியில் உள்ள எண் நிலைக்கும். அந்தக் காகிதம் நம் ஜில்லாவுக்குப் போகும், விசாரணை வரும், யார் கட்டினார்களோ அவர்கள் மேல் கேஸ். இல்லை, அது என் வீடுதான் என்று எழுதிக் கொடுத்தால் இங்கே என் பேரை அடித்துவிடுவார்கள், அதோடு சரி. மே ஆறாம் தேதிக்குள் ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும்.

உன் மாப்பிள்ளை முதல் காகிதத்தைக் கொடு என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். "ஒங்க அண்ணன் ஒன்னைய நெனச்சானா? நீ எதுக்கு அவன நெனைக்க?" என்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்.

வடிவு


பனையடிப்புதூர்
30.4.2025

வடிவுக்கு,

மதினி மாலதி எழுதுகிறேன். நீ எழுதிய கடுதாசியை நான்தான் முதலில் பிரித்தேன். நான் எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. உன்னிடம் எப்படிச் சுகம் விசாரிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

அவர் மூன்று தடவை எழுத உட்கார்ந்தார். மூன்றையும் கிழித்து அடுப்பில் போட்டார். வாசலில் ஏதாவது பைக் நின்றால் பின்னால் தொழுவத்துக்குப் போய்விடுகிறார். வந்தது பால்காரர் என்று நான் போய்ச் சொன்ன பிறகுதான் உள்ளே வருகிறார். ஒரு வாய்ச் சோறு ஒழுங்காகத் தின்று ஒரு வாரம் ஆகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். சாதனா சடங்குக்கு முந்தின மழையில் பழைய வீட்டின் தெற்குச் சுவர் விழுந்துவிட்டது. இசக்கி வயசுக்கு வந்த பிள்ளை, அவளைப் படுக்கவைக்க இடமில்லை. உங்கள் அண்ணன் பேரில் முன்பே தொகுப்பு வீடு ஒன்று வந்து, உங்கள் அப்பா வைத்தியத்துக்காக அதைக் கைமாற்றிவிட்டோம், அதனால் திரும்பக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். "கார்டுல தங்கச்சி பேரு இருக்குல்லா" என்று ஒருத்தர் யோசனை சொன்னார். தப்புத்தான். உனக்கு அது வேண்டிவரும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. மும்பைக்காரிக்கு ஊரில் வீடு எதற்கு என்று நினைத்தோம். நீ பலகை மேல் படுத்திருப்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. வரும்போதெல்லாம் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டுதானே வருவாய்?

சம்பந்தக்காரர்கள் வீட்டைப் பார்த்துத்தான் சரி என்றார்கள். கேஸ் என்று வந்தால் கல்யாணம் நிற்கும். அவர் உயிரோடு இருக்க மாட்டார். உன் காலில் விழுகிறேன் வடிவு. அவரை ஜெயிலுக்கு அனுப்பிவிடாதே.

மாலதி


மாட்டுங்கா
10.5.2025

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

வடிவு எழுதுகிறேன். அண்ணே, முதலில் சாப்பிடு. ஒருத்தரும் பைக்கில் வர மாட்டார்கள்.

ஆறாம் தேதி முகாமுக்குப் போனேன். போகிற வழி முழுக்க முதல் காகிதத்தைத்தான் கையில் வைத்திருந்தேன். இவர்தான் எழுதிவைத்திருந்தார். வரிசையில் நின்றேன். உன்னை நடுத்தெருவில் வைத்து யாரோ கூட்டிப்போகிற மாதிரி, இசக்கி வாசலில் நிற்கிற மாதிரி கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. என் முறை வந்ததும் ரஞ்சனாவிடம், அது என் வீடுதான் என்று சொல்லிவிட்டேன். "பக்கா?" என்றாள். பக்கா என்றேன். அவள் கொடுத்த காகிதத்தில், பனையடிப்புதூரில் உள்ள வீடு எனக்குச் சொந்தமானது என்று கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை வாசித்துவிட்டுப் போட்டேன். சாயங்காலம் வந்து ஏணியில் இருந்த எண்ணின் மேல் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

செல்லப்பாண்டி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனியாவது இருக்கட்டும் என்று சொல்வாரோ என்று ஒரு நப்பாசை. "முப்பத்தொண்ணாம் தேதி, ஞாவகம் இருக்குல்லா?" என்றார். இவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், பட்டறையிலேயே படுத்துக்கொள்ள முதலாளியிடம் கேட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அதனால் நானும் சாதனாவும் வருகிறோம். இருபத்தேழாம் தேதி நாகர்கோவில் வண்டி. தாதரில் ஏறி வள்ளியூரில் இறங்குவோம். கல்யாணத்துக்கு வருகிறார்கள் என்று தெருவில் சொல்லிக்கொள். ஆனால் கல்யாணம் முடிந்து நாங்கள் திரும்ப மாட்டோம். சாதனாவுக்கு வள்ளியூரில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கேட்டு வை. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை அங்கே என்ன பாடுபடப் போகிறதோ.

முன் அறை எங்களுக்கு. அதில் இருக்கிற சாமான்களை இப்போதே பின்னால் எடுத்துப் போடு. வீடு இசக்கிக்கு என்று சம்பந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாயே, அது யார் வீடு என்று கல்யாணத்துக்கு முன்னால் நீயே சொல்லிவிடு. நான் சொல்ல மாட்டேன். கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். அதனால் கல்யாணம் நின்றால் என் மேல் பழி போடாதே அண்ணே.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பெட்டியோடு வாசலில் வந்து நிற்கும்போது மதினி முகம் எப்படி இருக்கும், நீ என் கண்ணைப் பார்ப்பாயா என்று பயம். நீ கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டேன். முத்திரை வைத்த காகிதத்தின் நகலைக் கையோடு கொண்டுவருகிறேன்.

உன்னிடம் நான் வாடகை கேட்க மாட்டேன். நீயும் மதினியும் இருக்கிற காலம் வரைக்கும் அங்கேயே இருங்கள். ஆனால் இனி ஒருத்தரும் என்னைப் பார்த்து, பெட்டியைத் தூக்கு என்று சொல்லக் கூடாது.

உன் தங்கை,
சண்முகவடிவு